பிடி விடாத கோப்பு

கத்தரிக்கோல் கேட்கும் சாக்கில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். டீச்சரம்மா உதட்டில் விரலை வைத்து என்னை வாசலிலேயே நிறுத்தினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வாய்க்கு ஓய்வு தராதவர். மருமகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். இன்னும் ஆகவில்லை, இந்த வாரம்தான் மேனேஜர் முடிவு செய்யப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லியது.

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. இவதான் பாக்குறா," என்றார். கிசுகிசுப்பிலும் ஒரு மிடுக்கு.

சாப்பாட்டு மேசையில் மருமகள், தலையில் ஈரத்துண்டு, எதிரே லேப்டாப். ஆஸ்பத்திரி சர்வருக்குக் காவல் ஃபயர்வால். எவன் வந்து தட்டினாலும் ஒரு வரி எழுதிவைக்கும். அந்த வரிகள் நிறைந்த லாக் கோப்புகள் சேர்ந்து சேர்ந்து சர்வரில் மூச்சுவிட இடமில்லை, பதிவு கவுன்டரில் சீட்டு வரவில்லை. பழையதை அழிக்கச் சொன்னார்கள். அழித்தாள். இடம்தான் வரவில்லை.

"ஏன் வரல?" போன் ஸ்பீக்கரில் மேனேஜர்.

'தெரியல சார்' என்று நழுவுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"இன்னிக்கு ஓடிட்டிருந்த லாக்கையும் அவசரத்துல நான்தான் சேத்து அழிச்சுட்டேன் சார். கோப்போட பேருதான் போயிருக்கு. ஃபயர்வால் அதை விடாம பிடிச்சு இன்னும் எழுதிட்டிருக்கு. அது விட்டாத்தான் இடம் வரும்."

"அப்ப ஃபயர்வாலை ரீஸ்டார்ட் பண்ணிடு."

"பண்ணா இன்னிக்கு லாக் மொத்தமும் போயிடும் சார். காலைலேர்ந்து யாரோ விடாம சர்வருக்குள்ள வரப் பாக்குறாங்க. யாருன்னு அதுலதான் இருக்கு. அது பிடிச்சிருக்கும்போதே என் மெஷினுக்கு ஒரு காப்பி எடுத்துடறேன்."

"கவுன்டர்ல கூட்டம் கத்துது. உன் வேலை விஷயம் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். கொஞ்சம் டைம் குடுங்க."

'நான்தான் அழிச்சேன்' என்றது டீச்சரம்மா காதிலும் விழுந்திருந்தது. முகம் சுருங்கும், நாலு நாளைக்குப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது என்று ஆசையாகத் திரும்பினேன். அவரோ புடவைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தியா, எவ்வளவு தெளிவா ஒத்துக்கறா! என் சர்வீஸ்ல ஒரு ஹெட்மாஸ்டர் வாயிலேர்ந்து இப்படிக் கேட்டதில்ல. உங்க வீட்டுக்காரர் பல்பை உடைச்சுட்டுக் காத்து மேல பழி போட்டவராச்சே."

எனக்கு வேண்டியதுதான்.

திரையில் ஒரு பச்சைக் கோடு ஆமை போல ஊர்ந்து முடிந்தது. காப்பி வந்துவிட்டது என்று மருமகள் ரீஸ்டார்ட்டைத் தட்டினாள். திரை கறுத்தது.

"போயிருச்சாம்மா?"

"இருங்க அத்தை."

போனில் மேனேஜருக்குப் பின்னால் எங்கோ ஒரு பிரின்டர் கரகரத்தது. "வருது, வருது" என்று யாரோ கூவினார்கள்.

"காப்பியை அனுப்பு. மத்ததைச் சாயங்காலம் பேசலாம்." நல்லதா கெட்டதா என்று குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

மருமகள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். திரையில் புதிய லாக் தொடங்கியிருந்தது: ஒரு வரி, அடுத்து இன்னொன்று. டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓர் எழுத்தும் புரியாமல், விழுந்த ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.