ஜிப்பின் குறுக்கே நாலு ஊக்கு

குழந்தைகளுக்கான நடனப் போட்டி எங்கே நடந்தாலும், உடை மாற்றும் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் வேலை. பெண் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் ஆண்கள் கால் வைக்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாகப் போகக் கூடாது. மேடைக்குக்கூட ஜோடி சேர்த்துத்தான் அனுப்புவேன். இதற்காக எனக்குத் 'தாழ்ப்பாள்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைகள் முதுகில் போட்டி எண் எழுதிய துணியை நான்தான் குத்துவேன். நடு முதுகில், ஜிப்பின் குறுக்கே, இந்தப் பக்கம் இரண்டு ஊக்கு, அந்தப் பக்கம் இரண்டு. அதைக் கழற்றாமல் ஜிப்பை இறக்க முடியாது. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

நான் குத்திக்கொண்டே வரும்போது வரிசையின் கடைசியில் நீல உடையில் ஒருத்தி நிற்பாள். என் கண்ணுக்கு மட்டும் தெரிவாள். பத்து வயதிருக்கும். முதுகுப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருப்பாள். அவள் என் அக்கா.

அக்கா உயிரோடுதான் இருக்கிறாள், வேறு ஊரில், புருஷன் பிள்ளைகளோடு. ஆனால் பத்து வயதில் அந்த நீல உடையோடு போட்டிக்குப் போன சிறுமி வீடு திரும்பவேயில்லை; பொத்தான் மாறிப்போய் வந்து நின்றவள் வேறு யாரோ. "ஒரு பொத்தானை ஒழுங்கா போடத் தெரியாதா உனக்கு?" என்று அம்மா வாசலிலேயே வைத்துத் திட்டினாள். நான் அப்போது அம்மா இடுப்பில் இருந்த குழந்தை. அதோடு அக்கா ஆடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. போட்டி நடந்த இடத்தில் ஒரு ஆள் அவளை என்ன செய்தான் என்று வெகுகாலம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னாள். அம்மா திட்டியதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

போன போட்டியில், மேடை பார்க்கப் போன ஜோடியில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள்.

"அவ எங்கேடி?"

"மாஸ்டர் கூப்பிட்டார் அக்கா. கடைசியா ஒருவாட்டி ஸ்டெப் பார்க்கணுமாம்."

அந்த மாஸ்டரிடம் படித்தால் பரிசு நிச்சயம் என்று பெற்றோர்கள் தவம் கிடப்பார்கள். நான் பயிற்சி அறைக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், திறக்கவில்லை. கையால் ஓங்கிக் குத்தினேன்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே திறந்தார். "என்ன தாழ்ப்பாள், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டீங்க போல. நம்பர் கழண்டு விழுந்துடுச்சு, குத்திவிட்டேன். அவ்வளவுதான்."

பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நாலு ஊக்கும் ஜிப்புக்கு ஒரே பக்கத்தில் இருந்தன. நான் குத்திய நாலு ஊக்கு தானாகக் கழன்று விழாது. அறையின் மூலையில் நீல உடை நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். பிள்ளை பயந்துவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போட்டிப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு அவரிடம் அந்த ஆளை ஒப்படைத்துவிட்டு, பிள்ளையை என் நாற்காலிக்குக் கூட்டிவந்தேன்.

"கண்ணு, உன்மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லணும்னு தோணினா சொல்லு. இல்லேன்னா சும்மா என் பக்கத்துல உட்காரு."

பக்கத்தில் உட்கார்ந்து உடையின் ஓரத்தைத் திருகினாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார்" என்றாள்.

அதற்குள் அவள் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உன்னைக் கூப்பிடப் போறாங்க, இங்க என்னடி பண்றே? டிரெஸ்ஸெல்லாம் கோணிக்கிட்டு, ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா..."

"திட்டாதீங்கம்மா." என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. "இப்ப நீங்க சொல்ற வார்த்தைய இவ காலத்துக்கும் மறக்க மாட்டா. முதல்ல என்னன்னு கேளுங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள். மகள் காதோடு சொன்னாள். கேட்கக் கேட்க அந்தம்மா முகத்தில் ஈயாடவில்லை. "நான் இருக்கேன்டா" என்று பிள்ளையை அணைத்துக்கொண்டாள். மேடையில் எண்ணைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்துபோகவில்லை.

போலீஸ் வந்து மாஸ்டரை அழைத்துப் போனபின் வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டு அந்த ஆள் பிடிபட்டதைச் சொன்னேன். அந்த ஆளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள்.

"அவங்க அம்மா அவளைத் திட்டினாங்களா?"

"இல்லக்கா, நான் திட்ட விடல. கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

அந்தப் பக்கம் அக்கா அழ ஆரம்பித்தாள்.