புழு – நானூற்றுப் பன்னிரண்டு

உயிரியல் டீச்சர் பலகையில் அம்புக்குறியை அழித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் இந்த அம்புக்குறியோடுதான் மல்லுக்கட்டு. மீன் புழுவைத் தின்கிறது, அதனால் அம்பு மீனிலிருந்து புழுவுக்குப் போகிறது என்று பாதி வகுப்பு போட்டுவைக்கும்.

“யாரு யாரைப் புடிச்சாங்கன்னு நான் கேக்கலப்பா. சாப்பாடு எங்கேருந்து எங்க போகுது, அதைக் காட்டு.”

“அப்ப டிபன் பாக்ஸ்லேருந்து என் வாய்க்குப் போடணுமா டீச்சர்?” என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

“டிபன் பாக்ஸ் உயிரற்ற காரணி. உள்ள இருக்கறதைச் சொல்லு.”

வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முதுகில் மருந்துத் தொட்டி, கையில் நீளமான குழாய், தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட முகமூடி.

“பின்னாடி குளத்துக்கு மருந்தடிக்கணும்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்கச் சொன்னாங்க.”

அவர் நீட்டிய தாளை அவள் சாக்பீஸ் தூள் படிந்த கையோடேயே வாங்கினாள். சுகாதார அலுவலகத்தின் உத்தரவு. பள்ளி வளாகக் குளம் முழுவதற்கும் கொசு ஒழிப்பு எண்ணெய். கூடவே இன்னொரு தாள் குத்தியிருந்தது. அவளுடைய வகுப்பின் கணக்கெடுப்பு. அடியில் அவள் கையெழுத்து. நடுவில் ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்: ‘புழு – 412’.

போன மாதம் குளத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, நான்கு நான்கு பேராக இறங்கி, வலையில் வந்ததையெல்லாம் வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினார்கள். புத்தகத்தில் இருக்கும் உணவு வலையைக் கண்ணால் பார்த்துவிடட்டும் என்பது டீச்சரின் ஆசை. எழுதும் பொறுப்பு ‘சுருக்கு’ என்று வகுப்பே கூப்பிடும் பெண்ணுக்கு. ஒளிச்சேர்க்கையை ‘ஒ.சே.’ என்றும், தலைவலிக்கு விடுப்பு கேட்டால் ‘த.வ.’ என்றும் எழுதுகிறவள். ஆனால் அன்றைக்கு அவளே வந்து கேட்டாள்: “ரத்தப்புழுன்னு முழுசா எழுதினா கட்டத்துல அடங்கல டீச்சர்.” டீச்சர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “புழுன்னு போடு, போதும். நமக்குத் தெரியாதா என்ன?”

நமக்குத் தெரியும். சேற்றுக்குள் சிவப்பு நூல்துண்டுபோல நெளியும் அந்தப் புழு வளர்ந்து சிறகு முளைத்தாலும் யாரையும் கடிக்காது. கொசுப்புழுவுக்குப் பக்கத்திலேயே தனிக் கட்டம் இருந்தது. ‘கொ.பு. – 9’. மீனும் நீர்வண்டும் தின்று தீர்த்ததுபோக மிஞ்சியது ஒன்பது. அந்த ஒன்பதை அலுவலகத்தில் ஒருவரும் படித்திருக்கவில்லை; நானூற்றுப் பன்னிரண்டையும் கொசுப்புழு என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வளாகத்தில் தேங்கிய தண்ணீர் பற்றிய விவரம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்; கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பள்ளி எழுத்தர் இதை இணைத்துவிட்டார். டீச்சரும் பெருமையோடுதான் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

“ஒரு பத்து நிமிஷம் பொறுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஆறாம் வகுப்புக் குழந்தை காய்ச்சல்ல ஐ.சி.யூ.ல கிடக்கு. அதோட அப்பா காலையில இதோ இந்த நாற்காலியில உக்காந்து அழுதுட்டுப் போனாரு. நீங்க புழு சிவப்பா கறுப்பான்னு வந்து நிக்கறீங்க.”

“கொசு வேற எங்கேயோ வளருது மேடம். நம்ம குளத்துல—”

“ஒம்போது இருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? அந்த ஒம்போதுல ஒண்ணு கடிக்கலைன்னு அவருகிட்ட வந்து சொல்வீங்களா?”

சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. வெளியே வந்து சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அடியில இருக்கறது உங்க கையெழுத்துதானே மேடம்? திருத்தம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த மாசக் கூட்டத்துல வெச்சிடறோம்.”

அவள் திரும்பி வந்தபோது வகுப்பில் யாரும் இல்லை. மொத்தக் கூட்டமும் குளக்கரையில், மருந்துக்காரர் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. கேட்ட பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது; அவர் பாதிக் கரையை முடித்திருந்தார். எண்ணெய் விழுந்த இடத்தில் தண்ணீர் வானவில் நிறத்தில் மினுங்கி, மெல்ல நடுப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

“மீதியை விட்டுடலாமாண்ணே? இந்த ஓரத்தோட நிறுத்திக்கலாமே.”

“நான் என்னம்மா பண்ணட்டும்? முழுக்கன்னு போட்டிருக்கு. தாள்ல இருக்கறதைத்தான் நான் அடிக்க முடியும்.” அவர் முகமூடியை ஏற்றிக்கொண்டார்.

சுருக்கு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலில் வழக்கமான துடுக்கு இல்லை.

“இதுல எது எது சாகும் டீச்சர்?”

வகுப்பில் கேட்டிருந்தால் நல்ல கேள்வி என்று பாராட்டியிருப்பாள். “எண்ணெய் மேல படியும். மேல வந்து மூச்சு வாங்கறது எல்லாம் போயிடும். கொசுப்புழு போகும். அதைத் தின்ற வண்டும் போகும்.”

“நம்ம புழு?”

“அது அடிச் சேத்துல இருக்கு. உடம்பாலயே மூச்சு விடும். பெரும்பாலும் தப்பிச்சுக்கும்.”

“எதுக்காக வந்தாங்களோ அது மட்டும் இருக்குமா?” கேட்டவள் சிரிக்கவில்லை. “கொசு?” என்றாள்.

“எண்ணெய் கலைஞ்சதும் பறந்து வந்து முட்டை போட்டுடும். பத்தே நாள். வண்டு திரும்பிவர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் மீன் மட்டும் தின்னு தீராது.”

தான் சொல்வது அத்தனையும் பாடத்தில் இருப்பதுதான் என்பது அவளுக்கே உறைத்தது. வரி பிசகாமல் சொல்ல முடிகிறது. ஒரு குழாயின் வாயை மூட முடியவில்லை.

“நான் முழுசா எழுதியிருக்கணும்” என்றாள் சுருக்கு.

“போதும்னு சொன்னது நான்.”

“கட்டம் சின்னது டீச்சர்.”

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைவிட முப்பது வயது சின்னவள் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

மருந்துக்காரர் முடித்துவிட்டு, வேலை நிறைவேறியது என்ற தாளை நீட்டினார். இந்த முறை அவள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தாள். எழுத்துப் பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “கோவிச்சுக்காதீங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவர் போனார். மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சுருக்கு மட்டும் கரையில் குந்தியிருந்தாள்.

தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி ஒன்று நாணல் தண்டிலிருந்து இறங்கியது. முன்காலை வைத்தது. எப்போதும் கண்ணாடிபோலத் தாங்கும் தண்ணீர் இப்போது தாங்கவில்லை. கால் உள்ளே போயிற்று. அடுத்த காலை வைத்தது, அதுவும் போயிற்று. சுருக்கு ஒரு காய்ந்த இலையை எட்டி அதன் அடியில் கொடுத்தாள். பூச்சி இலைமேல் ஏறி நின்று, முன்னங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துத் துடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு இலையின் விளிம்புக்கு வந்து, மறுபடியும் தண்ணீரில் காலை வைத்தது.