ஐந்தாவது நிறுத்தம், பத்து நிமிடம்

அப்பா இறந்து மூன்று மணி நேரம் கழித்து டின்சி ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கினாள். எப்போதும் போலப் பாதியில் சிக்கியது. அண்ணன் சிஜு ஜீப்பிலிருந்து இறங்கி வந்து ஒரு கையால் தள்ளிவிட்டான்.

"பெட்டி எடுத்துட்டு வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்ணே."

"வாழ்க்கைக் குறிப்புதான? அப்பாவே நோட்டுல எழுதி வச்சிருக்காரு. அதையே வாசிச்சா என்ன? போதகர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ஆளுக்கொரு காப்பி குடுக்கணும்."

"எத்தன?"

"எழுபது."

சிஜு அவளைப் பார்த்தான். "நம்ம வீட்டுக்கு எழுபது பேரு வருவாங்கன்னு நெனைக்கியா?"

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். அவன் வெளியே வந்தான். எதிரே கல்லூரி வாசலில் கட்டியிருந்த பேனரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு சவப்பெட்டி செய்கிற இடத்துக்குப் போனான்.

பேனரில் எழுத்தாளர் ரமேஷ்குமார் கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் இலக்கியத் திருவிழாவுக்கு இன்று மூன்றாவது நாள், கடைசி நாள். அந்த பேனரை வடிவமைத்தது டின்சிதான். அவருடைய கன்னத்து மருவை அழிக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள், அழித்திருந்தாள். அழைப்பிதழ், அடையாள அட்டை, நிகழ்ச்சி நிரல் எல்லாமே இந்த மேசையில்தான் உருவாயின. கடைசியாக வந்தது 'நாவல் நடை' என்ற மடிப்புத் தாள். ரமேஷ்குமாரின் நாவலில் வருகிற இடங்களுக்கு மாணவர்களை வேனில் கூட்டிப்போகிற திட்டம். முதல் நிறுத்தம் தேயிலை ஃபேக்டரி. இரண்டாவது, தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம். அப்படியே போய், ஐந்தாவது நிறுத்தம்: 'நாலுவிரலானின் வீடு. பத்து நிமிடம். நேரம் பிற்பகல் 2.30.'

அது அவள் பிறந்த வீடு. அந்த வரியை டைப் செய்து, நடுவில் நிறுத்தி, எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கியதும் அவள்தான்.

நாவலில் நாலுவிரலான் காட்டிக்கொடுக்கிறவன். வேலைநிறுத்தத்துக்குச் சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தோட்டத் துரையிடம் கொடுத்துவிடுகிறான். பதினோரு குடும்பங்கள் லாரியில் ஏற்றப்பட்டு மலையிறங்குகின்றன. தொண்ணூற்று இரண்டில் இந்த எஸ்டேட்டில் நடந்ததும் அதுதான். பட்டியல் அவளுடைய அப்பா பவுல்ராஜின் கையெழுத்தில் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் மனுவும் கடிதமும் எழுதிக்கொடுத்தவர் அவர்; துரை பிரட்டுக்களத்தில் அந்தத் தாளை உயர்த்திக் காட்டியபோது கையெழுத்தை அடையாளம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவர் பெயரும் அதில் இருந்தது. ஆனால் ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலரை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அவரை மட்டும் துரை அனுப்பவில்லை. அதே ரோலர்தான் பின்னால் அவருடைய இடது கைச் சுண்டுவிரலை எடுத்தது. சனங்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், மறந்ததுபோல் ஆனது. எட்டு வருஷத்துக்கு முன்பு நாவல் வந்தது. அச்சில் வந்த பிறகு சந்தேகம் என்று ஒன்று யாரிடமும் மிச்சமில்லை. அதன் பின் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை.

மடிப்புத் தாளில் ஒன்று அவளுடைய பையில் வீடு வரை வந்துவிட்டது. படுக்கையில் கிடந்த அப்பா அதை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுவதும் வாசித்தார்.

"நம்ம வீட்டுக்குப் பத்து நிமிசந்தானா?" என்றார். பிறகு, "பிள்ளைக குளிர்ல ஏறி வருதுக. பாலு இல்லாட்டியும் கட்டன்சாயாவாவது போட்டுக் குடு."

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். பட்டியல் துரை கைக்கு எப்படிப் போனது என்று, எட்டு வருஷமாகக் கேட்காததை, மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். பட்டியலை ஒரு ராத்திரி பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஆபீஸ் கிளார்க் வீரபாண்டியிடம் கொடுத்ததாகச் சொன்னார். வீரபாண்டி அவருடைய சிநேகிதர். எழுத்தாளர் ரமேஷ்குமாரின் அப்பா. மறுநாள் காலையில் தாள் துரையின் கையில் இருந்தது.

"ஏம்ப்பா நீங்க யாருட்டயும் சொல்லல?"

"அந்தப் பையன் அப்ப ஒம்பதாப்பு படிச்சிட்டிருந்தான். நல்லாப் படிப்பான். சனங்க அவனை மலைய விட்டுக் கீழ எறக்கிருவாங்கல்ல."

"அந்தப் பையந்தான் இப்ப எழுதியிருக்கான்."

"அவனுக்குத் தெரியாதுட்டி. வீரபாண்டி பிள்ளைகிட்ட சொல்லியிருக்க மாட்டான்." பிறகு, "நீ எதையும் எழுதிராத. எழுதுன தாளு எங்க போகும்னு நமக்குத் தெரியாது," என்றார்.

டின்சி மதிய நேரங்களில் கடையில் மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசிப்பாள். அவற்றில் பழிவாங்குகிறவர்களுக்குக் குதிரை இருக்கும், பனி இருக்கும், பரம்பரைக் கத்தி இருக்கும். அவளுக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. அப்பாவின் நோட்டைத் திறந்து வைத்து, அவர் எழுதியிருந்த ஒரு பக்கத்தை ஒரு சொல் மாறாமல் டைப் செய்தாள். பிறந்தது, ஞானஸ்நானம், வேலையில் சேர்ந்தது, கல்யாணம், மனைவி இறந்தது. நான்காவது பத்திக்குத் திரும்பிப் போனாள். அவர் எழுதாத மூன்று வரிகளை அங்கே சேர்த்தாள். பிறகு எழுபது என்று எண்ணை அழுத்தினாள்.

*

பெட்டியில் கிடத்தியபோது சிஜு அப்பாவின் இடது கையை அடியில் வைத்து, வலது கையால் மூடினான். நாலு விரல் தெரியவில்லை. வாசலில் தார்ப்பாய் கட்டி, இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பதில்தான் ஆள் இருந்தது. மற்றவர்கள் தங்கள் வீட்டு வாசல்களில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு கத்தரீனாள் தண்ணீர்க் குழாயடிவரை வந்து நின்றுவிட்டாள். அவளுடைய அண்ணன் குடும்பம் அந்தப் பதினொன்றில் ஒன்று.

டின்சி போய் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். கத்தரீனாள் வாங்கிக்கொண்டாள்.

"நாலு மணிக்குள்ள அடக்கம் முடியணும் கேட்டியா," என்றார் போதகர். "நேத்தும் கல்லறத் தோட்டத்துப் பக்கம் ஆனை எறங்கியிருக்கு. ஜெபத்த ஆரம்பிச்சிரலாமா?"

"ரெண்டரைக்கு ஆரம்பிப்போம் ஐயரே," என்றாள் டின்சி போதகரிடம்.

சிஜு அவளைச் சுவரோரம் இழுத்துப் போனான். "அந்தக் காலேஜ் பரிபாடிக்காரங்க ரெண்டரைக்குத்தான வாராங்க? போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிருவோம். மரண வீட்ட வேடிக்கை பாக்கவா வருவாங்க?"

"வரட்டும்."

"என்னட்டி செய்யப்போற?"

"கட்டன்சாயா குடுக்கச் சொன்னாருல்ல. குடுக்கப் போறேன்."

வேன் இரண்டு நாற்பதுக்கு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. கழுத்தில் அட்டை தொங்க மாணவர்கள் சிரிப்பும் செல்போனுமாக இறங்கினார்கள். தார்ப்பாயையும் பெட்டியையும் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதினார்கள். பொறுப்பாளராக வந்த நிமி என்ற பெண் ஓடிவந்தாள். அவளை டின்சிக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலை மூன்று முறை திருத்தச் சொல்லி வந்தவள்.

"அக்கா, இது உங்க வீடா? சத்தியமாத் தெரியாதுக்கா. நாங்க திரும்பிப் போயிருதோம்."

"எதுக்கு? பத்து நிமிசம்னு போட்டிருக்குல்ல. நில்லுங்க." டின்சி தாள்களை அவள் கையில் கொடுத்தாள். "எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு குடு."

ரமேஷ்குமார் கடைசியாக இறங்கினார். சால்வையைச் சரிசெய்துகொண்டே வந்தவர், பெட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். முகம் உடனே அதற்கேற்ப மாறிவிட்டது. ஆறு மேடைகளில் டின்சி அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து, நாலுவிரலான் நிஜ மனுஷனா என்று கேட்பார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னும் உயிரோடதான் இருக்கார்" என்பார். கூட்டம் கைதட்டும்.

"எப்போம்மா?" என்றார் அவர், தணிந்த குரலில்.

"காலைல அஞ்சு மணிக்கு."

"சின்னப் பிள்ளைல எனக்கு லீவ் லெட்டர்லாம் எழுதித் தருவார். நாவல்ல வேற மாதிரி ஆயிடுச்சு. கலைக்குன்னு ஒரு தேவை இருக்கில்ல. தப்பா எடுத்துக்கலையே?"

"இல்ல சார். ஒரு உதவி. எங்கள்ல வாழ்க்கைக் குறிப்புன்னு ஒண்ணு வாசிப்போம். நீங்க வாசிச்சா நல்லாருக்கும். உங்க குரல் எல்லாருக்கும் கேக்கும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். இரண்டு வேன் மாணவர்கள், வாசல்தோறும் சனங்கள். "கண்டிப்பா," என்றார்.

போதகர் ஜெபித்து முடித்தார். சிஜு வாடகைக்கு எடுத்து வந்திருந்த மைக்கை ரமேஷ்குமார் கையில் கொடுத்தான். தூறல் விழத் தொடங்கியிருந்தது. ரமேஷ்குமார் டின்சி தந்த தாளைத் தூக்கிப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல். பவுல்ராஜ் என்ற பெயரை அவர் உச்சரித்தபோது, லயத்தின் கடைசி வீடு வரை அது போனது. பிறந்தது போனது, ஞானஸ்நானம் போனது. டின்சி பெட்டியின் கால்மாட்டில் நின்று அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வரியில் வந்து இடறட்டும் என்று காத்திருந்தாள். தெரியாதவனாக இருந்தால் அங்கே திகைத்து நிற்பான், அவளை நிமிர்ந்து பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் காலையிலிருந்து அழாமல் இருந்தாள்.

"இலை உருட்டும் இயந்திரத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார்," என்று வாசித்தார் ரமேஷ்குமார். "அவருடைய மனைவி இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

ஒரு மூச்சுகூடத் தட்டவில்லை. தெரிந்த பாதையில் பள்ளத்தைத் தாண்டுகிறவர்போல் அந்த மூன்று வரிகளைத் தாண்டிவிட்டார்.

தெரிந்தவனால்தான் அப்படித் தாண்ட முடியும். அவனுக்குத் தெரியாதுட்டி என்று அப்பா சொன்னது டின்சியின் காதில் கேட்டது.

மாணவர்கள் தாளைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி தாளைப் பார்த்தார்கள். ரமேஷ்குமார் கடைசி வரியை வாசித்து முடித்து, தலையை லேசாகச் சாய்த்து நிமிர்ந்தபோதுதான், எல்லார் கையிலும் அதே தாள் இருப்பதைக் கண்டார்.

"தம்பி." குழாயடியிலிருந்து கத்தரீனாள் கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். "நடுவுல மூணு வரி விட்டுட்டீக."

"மழைல எழுத்து அழிஞ்சிருக்கும்மா."

"எந் தாள்ல அழியலையே."

போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கப் போனார். கத்தரீனாள் அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் சங்கீதம் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து.

"வேலைநிறுத்தத்துக்காகத் தாம் எழுதிய பெயர்ப் பட்டியலை, ஆபீஸ் கிளார்க்கான நண்பர் வீரபாண்டியிடம், ஒரு ராத்திரி பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்தார். மறுநாள் அது துரையின் கையில் இருந்தது." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "வீரபாண்டியின் மகன் படித்துக்கொண்டிருந்ததால், அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை."

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அதில் தூறல் விழும் சத்தம் கேட்டது. ரமேஷ்குமாரின் மூச்சும் கேட்டது.

கத்தரீனாள் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். குழாயடியைக் கடந்து, தார்ப்பாய்க்குள் வந்து, பெட்டியருகே குனிந்தாள். பவுல்ராஜின் அடியில் இருந்த கையை இழுத்தெடுத்து மேலே வைத்தாள். நாலு விரலும் விரிந்து தெரியும்படி வைத்தாள்.

"யாருட்டி இப்பிடிக் கைய மூடி வச்சது," என்றாள் யாரையும் பார்க்காமல்.

எதிர்வரிசை வாசல்களிலிருந்து ஒருவர் இறங்கினார். பிறகு இன்னொருவர்.

ரமேஷ்குமார் டின்சியின் பக்கத்தில் வந்தார். மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "செத்துப்போன எங்கப்பாமேல இப்படி எழுதலாமாம்மா? என்ன ஆதாரம் இருக்கு?"

"எதுவும் இல்ல சார். நீங்க வாசிச்சதக் கேட்டேன். அது போதும்."

அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கவில்லை. சுடிதார்ப் பையிலிருந்து கடைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நீங்க விட்ட வரிக்குக் கீழ. தேதியும் போடுங்க, எல்லாருக்கும் போடுவீங்கல்ல."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கிப் பழகிய கை. பிறகுதான் அவள் சொன்னது புரிந்ததுபோல் நின்றார். நிமியும் மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் செல்போன் இல்லை.

"தூக்குங்கய்யா," என்றார் போதகர். "ஆனை வந்துரும்."

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். எட்டுப் பேர் வந்தார்கள். யார் விலகுவது என்று சின்னத் தள்ளுமுள்ளு. டின்சி பின்னால் நடந்தாள். மேட்டில் திரும்பும்போது பார்த்தாள். தார்ப்பாயின் கீழ் காலி நாற்காலிகளுக்கு நடுவில் ரமேஷ்குமார் அப்படியே நின்றிருந்தார். வேன்கள் கிளம்பவில்லை. மாணவர்கள் பெட்டியின் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில், குழிக்குள் மண் போட அவளைக் கூப்பிட்டார்கள். கையை விரித்தபோது உள்ளங்கையில் பேனா மூடி இருந்தது. இவ்வளவு தூரம் இறுக்கிப் பிடித்ததில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அவள் மூடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். குனிந்து, ஈர மண்ணை வலது கையால் அள்ளினாள்.