ஆறாவது குழாய்

மனிதகுலம் முதுமையை வெல்லப்போகும் நாள் வந்துவிட்டதென்றும், நேரம் மாலை நான்கு மணி என்றும் எண்ணெய் ஆலை முதலாளி அறிவித்திருந்தார். அதற்குள் அவருடைய ஐந்து எண்ணெய்களில் எதில் முதுமையைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சத்து அதிகம் என்று தம்பி மகள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆலையில் அவளுடைய ஆய்வகத்தை மூடி, அங்கே காலி டின்களை அடுக்கிவிடுவார்.

சோதனை எளிதுதான். ஊதாச் சாயத்தில் எண்ணெயை விட்டால், சத்து எவ்வளவோ அவ்வளவுக்குச் சாயம் வெளுத்து மஞ்சளாகும். ஐந்து சோதனைக் குழாய்களில் எண்ணெய் விட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க, ஆறாவதில் வெறும் சாயம்.

அரை மணி கழித்து வந்து பார்த்தாள். ஐந்தும் ஒரே மாதிரி அரைகுறையாக வெளுத்திருக்க, ஒன்றும் கலக்காத ஆறாவது பளிச்சென்று மஞ்சளாகியிருந்தது. கை தவறி எண்ணெய் விழுந்ததா? குழாய் மாறியதா? மறுபடி இரண்டு முறை செய்தாள். இரண்டு முறையும் ஆறாவதே முதலிடம்.

"என்னம்மா இப்படி முழிக்கிற?" என்றபடி முதலாளி வந்தார். "ஆறாம் நம்பர்தானே ஜெயிச்சிருக்கு?"

"அதுல எண்ணெயே விடல பெரியப்பா!"

"எண்ணெயே இல்லாம இவ்வளவு சத்தா! அப்ப அதையே பாட்டில்ல அடைச்சிடுவோம். கொழுப்பும் கிடையாது பாரு!"

லேபிள்காரருக்கு போன் போட்டுக்கொண்டே அவர் வெளியே போனார். அவள் ஆறாவது குழாயைத் தொட்டாள். சுட்டது. குழாய்களை நிறுத்தியிருந்த தாங்கியின் அந்த ஓரத்தில் மட்டும் ஜன்னல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

வெயில் பட்டாலும் சாயம் வெளுக்கும் என்று ஓடிப்போய்ச் சொன்னாள்.

நான்கு மணிக்குக் காலி டின்கள் வந்தன.