ரேடியோவில் சொன்ன மூன்று வார்த்தை

பட்டாபிராம் ஸ்டேஷன் ரோட்டில் எட்மண்டை எல்லோரும் "பைலட் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் மனதில் ஓடுகிற படமே வேறு. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கூலிங் கிளாஸ். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாப்புவா நியூ கினி என்று ஒரு நாடு இருப்பதே எட்மண்ட் அங்கே போன பிறகுதான் அந்தத் தெருவுக்குத் தெரியும். அங்கே அவன் அரைக்கால் சட்டையும் சேறு அப்பிய பூட்ஸுமாகத் திரிகிறான், ஆறு பேர் உட்காருகிற ஒற்றை இன்ஜின் விமானத்தில் காலையில் பன்றியையும் மத்தியானம் கிழங்கு மூட்டையையும் சாயங்காலம் பிரசவ வலியில் இருக்கிற பெண்ணையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு மலை தாவுகிறான், பெட்ரோலைக்கூடப் பீப்பாயிலிருந்து தானே பம்ப் அடித்து ஊற்றுகிறான் என்றெல்லாம் சொன்னால் யார் நம்புவார்கள்? அவனும் சொன்னதில்லை. பத்து வருஷமாக லீவில் வரும்போதெல்லாம் சிரித்துச் சமாளித்தான்.

இந்தத் தடவை சிரிக்கவும் தெம்பில்லை. எண்பத்தொன்பது நவம்பர். லீவு ஆறு வாரம், அதில் ஐந்து வாரம் ஓடிவிட்டது. வியாழக்கிழமை திரும்பப் போக டிக்கெட் அலமாரியில் இருந்தது. கட்டிலுக்கடியில் ஒரு பழுப்பு நிற சூட்கேஸ் இருந்தது. ஆவடியில் கிறிஸ்துதாஸ் வீட்டில் கொடுக்க வேண்டியது. அவருடைய ஒரே மகன் கிறிஸ்துராஜின் துணிமணிகள் அதில் இருந்தன. கிறிஸ்துராஜ் ஜூன் மாதம் அந்த மலைகளில் விமானத்தோடு விழுந்து செத்துப்போனான். இருபத்தாறு வயது. ராஜு, ராஜு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எட்மண்டைப் பார்த்துப் பைலட்டுக்குப் படித்தவன், எட்மண்ட் சொல்லித்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவன்.

தினமும் காலையில் எழுந்து, இன்று போய்விடலாம் என்று நினைப்பான். பல் தேய்த்துக் காபி குடிப்பதற்குள் அலுத்துவிடும். உடம்பில் எங்கேயென்று சொல்ல முடியாத ஒரு அலுப்பு. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் கண் சொக்கும்.

"ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி கீது ஆவடி," என்றாள் அவன் மனைவி ஹில்டா, சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும். "பெத்தவங்க அஞ்சு மாசமா காத்துகினு கீறாங்க. நீ பொட்டியக் கட்டிலுக்கடியில வச்சிகினு படுத்துகினு கீற. நல்லாவா கீது?"

ஒரு ஸ்டேஷன் இல்லை, நடுவில் இந்து காலேஜ் ஸ்டேஷன் இருக்கிறது. அதைச் சொல்லி வாதாடக்கூட அவனுக்குத் தெம்பில்லை. சூட்கேஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கிறிஸ்துதாஸ் ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னச் சின்ன ஸ்டேஷன்களாக அரக்கோணம் லைன் முழுக்க வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயரே மாஸ்டர்தான். சாயங்காலமானால் ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் ஓய்வு பெற்ற நாலு பேரோடு உட்கார்ந்து, வருகிற வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று கணக்குச் சொல்வது அவர் வழக்கம். ஜூலையோடு அது நின்றுபோனது. ஜூலையில்தான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை, மேகம் மூடிய கணவாய்க்குள் பைலட் தன்னிச்சையாக நுழைந்ததால் விபத்து, அவரோடு நான்கு பயணிகளும் இறந்தார்கள் என்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருந்தது. ரயில்வேக்காரர்களிடம் போய் என் மகன் தப்பால் நாலு பேர் செத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

"வாப்பா எட்மண்ட்," என்றாள் ராஜுவின் அம்மா ஆரோக்கியம்மாள். "இன்னா இப்டி எளச்சிட்ட?"

மாஸ்டர் நாற்காலியைக் காட்டினார். சூட்கேஸை வாங்கிச் சுவரோரம் வைத்தார். திறக்கவில்லை. ஆரோக்கியம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எட்மண்ட் பயந்துகொண்டிருந்தான். அவள் அழவில்லை. கேட்பதற்கு ஏதோ வைத்திருந்தவள் மாதிரி அவன் டீ குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அந்த நாலு பேரு பேரு இன்னாப்பா?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"ராஜுகூட செத்தாங்களே, அவங்க. மாசாமாசம் மொத வெள்ளி அவங்களுக்குப் பூச வெக்கிறேன். யாரு பேருக்கும்மான்னு ஃபாதர் கேக்குறாரு. பேரு தெரியாத நாலு ஆத்துமாக்குன்னு சொல்லிகினு கீறேன். எம் புள்ளையால போன உசுரு. பேரு தெரியாம பூச வெச்சா அது போயி சேருமா?"

"பேரு தெரியாதும்மா."

"நீ அங்கதான கீற. கம்பெனில எழுதி வச்சிருக்க மாட்டாங்களா?"

"அங்க பேரு எழுத மாட்டாங்கம்மா. எடைதான் எழுதுவாங்க."

அது உண்மை. அந்த ஊர்களில் ஓடுபாதை என்பது மலைச்சரிவில் புல்லை வெட்டிவிட்ட ஒரு துண்டு நிலம். பத்துக் கிலோ கூடினால் விமானம் எழும்பாது. அதனால் ஏறுகிற ஒவ்வொருவரையும், கையில் இருக்கிற கோழியோடு சேர்த்து, எடை மெஷினில் நிற்க வைத்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. அன்றைய நோட்டை எட்மண்ட் பார்த்திருந்தான். பார்த்த எண்கள் மறக்கவே இல்லை.

"அறுபத்திரெண்டு," என்றான். "அம்பத்தேழு. நாப்பத்தொம்பது. பதினொண்ணு."

"பதினொண்ணா?"

"கொழந்த."

ஆரோக்கியம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கடிதத்தில் குழந்தை என்று எழுதவில்லை போலிருக்கிறது. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொழந்தையுமா," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "சின்ன வயசுலேந்தே சொன்ன பேச்சு கேக்க மாட்டான். நான் கொஞ்சம் கண்டிச்சி வளத்திருக்கணும்."

எட்மண்ட் சூட்கேஸைக் கொடுத்துவிட்டு, இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, வியாழக்கிழமை விமானம் ஏறிவிடுவது என்றுதான் வந்திருந்தான். இந்த அம்மாள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வாள் என்று அவன் கணக்குப் போட்டிருக்கவில்லை.

"இல்லம்மா," என்றான். "அவன் மேல தப்பில்ல."

"ஆறுதலுக்குன்னு எதுவும் சொல்லாத," என்றார் மாஸ்டர். "கம்பெனி விசாரிச்சி எழுதியிருக்கான்."

"விசாரிச்சப்போ நான் பொய் சொன்னேன் மாஸ்டர்."

பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

அந்த மலைத்தொடரைக் கடக்க ஒரு கணவாய்தான் வழி. இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு, பைலட்டுகள் பேச்சில் 'கேப்'. உள்ளே நுழைந்துவிட்டால் விமானத்தைத் திருப்ப இடமிருக்காது. அதனால் அங்கே பைலட்டுகளுக்குள் ஒரு வழக்கம். முதலில் தாண்டுகிறவன், கணவாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பின்னால் வருகிறவனுக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அடுத்தவன் நுழைவான். மத்தியானத்துக்கு மேல் மேகம் தாண்டி வந்தவனுக்குப் பின்னாலிருந்துதான் ஏறும். ஆகவே தாண்டியதும் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் ஒழுங்கு. ஐந்து நிமிஷ வேலை.

அன்று எட்மண்டுக்கு அது ஆறாவது டிரிப். மணி நாலு. காலையில் சாப்பிட்ட பிஸ்கட்டுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. கணவாயைத் தாண்டும்போது எதிரே வெளிச்சமாக இருந்தது. இறங்கினால் போதும், படுத்தால் போதும் என்று இருந்தது. பத்து நிமிஷம் பின்னால் ராஜு வந்துகொண்டிருந்தான். ரேடியோவில் தமிழ் பேசக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. ஆனால் அந்தக் காட்டில், ஒரே ரயில் பாதையோரம் வளர்ந்த இரண்டு பேர் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்களா? ராஜு கேட்டான், "அண்ணா, கேப் எப்டி கீது?"

எட்மண்ட் வட்டம் அடிக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. எதிரே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "தொறந்துதான் கீது, வாடா."

விசாரணையில், இரண்டு பேரும் கடைசியாக அவர்கள் மொழியில் ஏதோ பேசினார்கள் என்று ரேடியோ ஆபரேட்டர் சொன்னான். என்ன பேசினீர்கள் என்று எட்மண்டைக் கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்றான். அதோடு ஃபைலை மூடிவிட்டார்கள். அந்த நாட்டில் அதைப் பொய் என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் இல்லை.

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் எழுந்து வந்து அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அடி வாங்கவாவது அவனிடம் கொஞ்சம் சக்தி மிச்சமிருந்தது.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. "திரும்பிப் பாக்கவே இல்லியா?" என்றார்.

"இல்ல மாஸ்டர்."

"முப்பத்தொரு வருஷம். ஸ்டேஷன தாண்டிப் போற வண்டியோட கடைசிப் பெட்டி விளக்க என் கண்ணால பாக்காம, பின்னால வர்ற வண்டிக்கு நான் லைன் கிளியர் குடுத்ததில்ல. ஜுரத்துல நின்னிருக்கேன். எங்கப்பா செத்த அன்னிக்கி, மாத்து ஆள் வர்ற வரைக்கும் நின்னிருக்கேன். ஒரு தடவை பாக்காம குடுத்ததில்ல." குரல் உயரவே இல்லை. அதுதான் எட்மண்டுக்குத் தாங்கவில்லை.

உள்ளே போய் ஒரு முழுத்தாளும் பேனாவும் கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்தார். "எழுது. இங்கிலீஷ்ல எழுது. தேதி போடு. கம்பெனிக்கு ஒண்ணு, அந்த ஊரு கவர்ன்மென்ட்டுக்கு ஒண்ணு. நான் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன்."

எழுதினால் லைசென்ஸ் போய்விடும். வியாழக்கிழமை டிக்கெட்டுக்கு வேலையில்லை. நாற்பத்தொரு வயதில் பறக்க மட்டும் தெரிந்தவன், வேறு எதுவும் தெரியாதவன். ஹில்டாவிடம் என்ன சொல்வது, பிள்ளைகள் இரண்டும் படிக்கிறதே என்றெல்லாம் ஒரு நிமிஷம் மனதில் ஓடியது. அப்புறம் அதுவும் ஓய்ந்துவிட்டது. பேனாவை எடுத்தான். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அன்னிக்கி எத்தனை மணிக்கு டியூட்டில ஏறினே?"

"காலைல அஞ்சரை."

"ஆறாவது டிரிப்புன்னியே. அது இதுல எங்க?"

"சாக்கு சொல்ற மாதிரி ஆயிடும் மாஸ்டர்."

"ரயில்வேல எந்த விபத்து ரிப்போர்ட்லயும் எத்தனை மணி நேரமா வேலை செஞ்சான்னு இருக்கும். சாக்குக்கு இல்ல. அடுத்தவன அப்டி ஓட்ட விடக் கூடாதுன்னு." தாளை அவன் பக்கம் தள்ளினார். "அதையும் எழுது. உன்ன நான் மன்னிக்கல. அது வேற விஷயம்."

எட்மண்ட் வாங்கி எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. கண்ணீர் விழுந்துவிடாமல் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவு நேரமும் ஆரோக்கியம்மாள் சுவரில் சாய்ந்து, சூட்கேஸ் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பேனாவை மூடியதும் கேட்டாள்.

"அப்போ நீ வாடான்னு சொன்ன. அதக் கேட்டுத்தான் எம் புள்ள வந்தான்."

"ஆமாம்மா."

"சொன்ன பேச்ச கேட்டுத்தான் வந்தான்."

"ஆமாம்மா."

ஐந்து மாதமாக இறுகியிருந்த அந்த முகம் தளர்ந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தவன் கண்முன்னே அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ வாடான்னியே," என்றாள் மறுபடியும். "அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

இதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தாளிலும் எழுதவில்லை. ராத்திரிகளில் காதுக்குள் கேட்பது அதுதான்.

"வந்துகினே கீறேண்ணா, அப்டின்னான்."

"சிரிச்சிகினு சொன்னானா?"

"சிரிச்சிகினுதாம்மா சொன்னான்."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். "கேட்டீங்களா, வந்துகினே கீறேன்னானாம்." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எட்மண்டின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லுப்பா. அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் சொன்னான். ராஜு கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பான், அதே மாதிரி இழுத்துச் சொன்னான். அவள் உதடு அசைந்து அதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தது.

"இன்னொரு தபா," என்றாள்.

முடியாது என்று கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. ஆனாலும் சொன்னான்.