பெருவிரல்

செல்வமலர் டிவி ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டு கிழமையாகிவிட்டது. முதியோர் இல்லத்தில் உடை மாற்றும்போது அது பையிலிருந்து எட்டிப்பார்க்கும். கூட வேலை செய்யும் டேனிஷ்காரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சும்மா இருக்கும்போதே கணவர் அந்தோனிதாசனின் நாடி நூறைத் தொடுகிறது என்று இக்காஸ்ட் நகரத்து டொக்டர் சொன்னதை அவர்கள் கேட்கவில்லையே. ஓய்விலும் இப்படி அடிப்பவர்களுக்கு மாரடைப்பு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. நடக்க வேண்டும், மருந்தை விடக்கூடாது, நாள் முழுக்கச் செய்தி பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்றிருந்தார்.

“இருபது வருசமா ஓடுறன். நெஞ்சு மட்டும் குந்தியிருக்குமே?” என்றார் அந்தோனிதாசன்.

இலங்கையில் வன்னிச் சண்டை ஒரு துண்டுக் கடற்கரைக்குள் ஒடுங்கிவிட்ட மே மாதம். அவருடைய தம்பி பேனாட் குடும்பத்தோடு அதற்குள் இருந்தான். நத்தார்ப் பண்டிகைக்குப் போனில் கதைத்தவன், பிறகு சத்தமில்லை.

காலையில் புறப்படுமுன் அவள் கணவரின் மணிக்கட்டைப் பிடிப்பாள். இல்லத்துக் கிழவர்களுக்கு நாடி பார்க்கும் அதே பிடி: இரண்டு விரல், கண் சுவர் மணிக்கூட்டில். “பொலிஸ்காரி வந்திட்டா” என்று அவர் கையை நீட்டுவார். பிறகு பழிவாங்குவதுபோல அவள் கையைப் பெருவிரலால் பிடிப்பார்.

“ஐயோ செல்வம், உமக்கெல்லோ கூட!”

“பெருவிரலுக்குள்ளயும் நாடி ஓடுதப்பா. அதால பிடிச்சா உங்கட துடிப்புத்தான் உங்களுக்குத் தெரியும். எத்தினைதரம் சொல்லுறது?”

“ஆற்றயெண்டா என்ன, ஒரு வீட்டுக்குள்ளதானே அடிக்குது.”

சண்டை முடிந்ததென்று அறிவித்த அந்தக் கிழமையே, லண்டனிலிருக்கும் அவருடைய தங்கை கத்தரீனா செல்வமலருக்கு வேலையிடத்தில் போன் எடுத்தாள். பேனாட் வவுனியா முகாமில் இருக்கிறான். யாரோ ஒருவரின் போனில் ஒரு நிமிடம் கதைத்தானாம். மனைவியைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

“அண்ணைக்கு நீங்கள்தான் பக்குவமாச் சொல்லவேணும், அண்ணி.”

பக்குவமாக என்றால் எப்படி என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். உயிரோடு இருக்கிறான் என்றால் அடுத்த கேள்வி பிள்ளையைப் பற்றித்தான். சந்தோசமும் அந்த நெஞ்சை ஓடவைக்கும், துக்கமும் ஓடவைக்கும்.

அவர் குசினியில் கரட் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெட்டைக்குத் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல். யன்னலுக்கு வெளியே, கொண்டாட்டமென்றால் டேனிஷ்காரர் செய்வதுபோல, கொடி ஏற்றியிருந்தார்கள். அவள் ஜக்கெற்றையும் கழற்றாமல், “இருங்கோ. கையைத் தாங்கோ” என்றாள்.

“பின்னேரமுமோ? பொலிசுக்கு ஓவர்டைமோ?”

பிடித்தவள் திடுக்கிட்டாள். விரலுக்கடியில் குதிரை ஓடியது. இன்னும் ஒன்றும் சொல்லவேயில்லையே.

“ஏனப்பா இப்பிடி அடிக்குது? ஆரும் உங்களுக்குப் போன் எடுத்தவையோ?”

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்புப் பாதியில் நின்றது.

“செல்வம், பெருவிரல்.”

அவளும் பார்த்தாள். உண்மைதான். மற்றக் கையை அவர் அவளுடைய கையின்மேல் வைத்தார்.

“பேனாடோ?”

“உயிரோட இருக்கிறான்.”

அவர் கண்ணை மூடினார். வெளியே காற்றுக்குக் கொடிக்கயிறு கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பெருவிரலை மெல்ல எடுத்து, அந்த இடத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, அவர் அடுத்ததைக் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.