வெயில் வந்த சேதி

மோட்டார் கொட்டாயில் மூன்று பல்பும் ஒன்றாக எரிந்தபோது மலர்க்கொடி இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையைக் கழுவக்கூட நிற்காமல் வரப்புக்கு ஓடினாள். தெற்கே பார்த்து நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள்.

“கரண்ட்டு வந்துட்ச்சி!”

யாருக்கு என்று சொல்லவில்லை. பெயர் இல்லை, உறவு இல்லை. மேய்ந்துகொண்டிருந்த எருமைக்குச் சொன்னாளோ, வேப்பமரத்துக்குச் சொன்னாளோ என்று புதிதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலு கழனி தள்ளி, களை பிடுங்கிக்கொண்டிருந்த வெங்கடேசன் நிமிர்ந்தான்.

“ஆங்!”

அவ்வளவுதான் பேச்சு. அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதற்குள் மலர்க்கொடி வீட்டுக்குள் போய்விட வேண்டும், அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஏழெட்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. வெங்கடேசன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய அப்பா விட்டுப்போன நிலம் பாதிப்பாதி. கிணற்றைப் பாதியாக வெட்ட முடியாது அல்லவா? அதனால் ஒருநாள் அக்காவுக்கு, ஒருநாள் தம்பிக்கு என்று முறைத் தண்ணீர். மோட்டார் கொட்டாய் மலர்க்கொடி வீட்டுக்கு எதிரில் இருந்தது. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. பல்பு எரிவதைப் பார்த்து, தம்பி முறையன்று அவனுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலையாகிப்போனது. முறை நாளில் கரண்ட் வராவிட்டால் அந்த நாள் கணக்கில் சேராது, மறுநாளும் அந்த முறைக்காரருக்கே. சண்டை வந்த பிறகும் இந்த வழக்கத்தை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். தம்பி மகள் திவ்யாவைத் தன் மகன் மோகன்குமாருக்குக் கேட்டாள். தம்பி செங்கல்பட்டில் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டான். நிச்சயதார்த்தப் பந்தலில் நின்று, “இனிமே எனக்குக் கூடப்பொறந்தவன் செத்தான்” என்று மலர்க்கொடி வாயை விட்டுவிட்டாள். இப்போது மோகன்குமார் ஒரகடத்தில் கம்பெனி வேலை, பெண்டாட்டி, பிள்ளை என்று நன்றாகவே இருக்கிறான். திவ்யா தன் குழந்தையின் படத்தைப் போனில் போட்டால் முதல் ஆளாக இவன் இதயம் போடுகிறான். யாருக்காகச் சண்டை வந்ததோ அவர்கள் மறந்துவிட்டார்கள். பெரியவர்கள்தான் பத்திரமாக வைத்துக் காத்துவருகிறார்கள்.

மலர்க்கொடியின் புருஷன் இறந்தபோது வெங்கடேசன் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தான். புடவையை அவள் மடியில் வைத்தான். செய்முறையில் ஒரு குறை இல்லை, வாயை மட்டும் திறக்கவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பாதி அதற்காகத்தான். சின்ன வயதில் ஒரு முறுக்குக் கிடைத்தாலும் “யக்கா, யக்கா” என்று தெரு முழுக்கத் தேடிக்கொண்டு வருவான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து இன்னொரு தரம் கேட்டுவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அது கிடைக்காதவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற அந்த “ஆங்”கை வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். போனிலேயே மோட்டாரைப் போடுகிற பெட்டியை ஊரில் பாதிப் பேர் வாங்கி மாட்டிவிட்டார்கள். வெங்கடேசன் ஏன் வாங்கவில்லை என்று அவள் சில நேரம் யோசிப்பாள். யோசித்துவிட்டு, கஞ்சத்தனமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மாசி மாதத்தில் ஜெயப்பிரியா என்ற அதிகாரி ஸ்கூட்டியில் வந்தாள். சின்னப் பெண், தொப்பியும் கண்ணாடியுமாக. கிணற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சோலார் பம்பு போடலாம், மானியம் உண்டு, பழைய இணைப்பை எடுத்துவிடுவோம், பங்குக் கிணறு என்பதால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்றாள்.

“வெயில் ஏறினா மோட்டார் தானா ஓடும்மா. கரண்ட் எப்ப வரும்னு யாரும் காத்துக் கிடக்க வேணாம். யாரும் யாரையும் கூப்பிட வேணாம்.”

கடைசியாகச் சொன்னது மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது.

“மானம் மோடம் போட்டுக்கினா இன்னா பண்றது? மோட்டாரு படுத்துக்கும்ல? எனுக்கு வேணாம்மா” என்று மேகத்தைச் சாக்குச் சொன்னாள்.

தென்னை மரத்தடியில் தள்ளி நின்றிருந்த வெங்கடேசன் அதிகாரியைப் பார்த்துச் சொன்னான். “அவுங்களுக்கு இஷ்டம் இல்லன்னா உட்டுடுங்க மேடம்.”

அவுங்க. யாரோ ஊர்க்காரியைச் சொல்கிற மாதிரி சொன்னான். ‘நீ’ என்று சொல்லி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும்.

அன்றைக்கே சேதி ஒரகடம் வரை போய்விட்டது. மோகன்குமார் போனில் பிடித்துக்கொண்டான். “இன்னாம்மா நீ, மாமா மேல கீற கோவத்த கெணத்து மேல காட்டிக்கினு கீற? லோ வோல்டேஜில மோட்டாரு எரிஞ்சி எத்தினி வாட்டி காயில் கட்டுனோம்? உனுக்கே பேஜாரா இல்ல?”

“உன் வேலயப் பாரு” என்று வைத்துவிட்டாள். வேறு என்ன சொல்வது? என் தம்பியோடு எனக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேச்சு, அதையும் வெயில் வந்து பிடுங்கிக்கொள்ளும் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியுமா? வீம்புக்காரி என்றே ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பங்குனியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. நவரை நெல் பால் பிடிக்கிற நேரம். மாற்று இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்களே தவிர வரவில்லை. கழனி பாளம் பாளமாக வெடித்தது. வெங்கடேசன் எங்கிருந்தோ ஒரு டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினான். முதல்நாள் அவனுக்கு ஓட்டினான். மறுநாள் அவள் முறை. விடிந்ததும் இன்ஜின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அவனேதான் ஓட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் அவளுடைய கழனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவளைக் கூப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை. அந்த இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. இன்ஜின் நின்று நின்று போக, அவன் குனிந்து கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். கரும்புகை முகத்தில் அடித்தது. இருமல் வந்து கிணற்று மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சின்னதிலேயே அவனுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் நெஞ்சில் தைலம் தேய்த்து மடியில் போட்டுத் தூங்கவைத்தவள் இவள்தான். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. அவன் எழுந்து மறுபடி கயிற்றைச் சுற்றினான்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

“போட்டுடும்மா சோலாரு. நான் ஒண்ணும் சொல்லல.”

ஆனி மாதத்தில் வரப்பு மேட்டில் பேனல்கள் வந்து நின்றன, எல்லாம் தெற்கே முகத்தைத் தூக்கிக்கொண்டு. கம்பியை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மூன்று பல்பையும் கழற்றி அவள் கையில் கொடுத்தார்கள். சொர்ணவாரி நெல்லுக்குத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. புகை இல்லை, இரைச்சல் இல்லை. ஊர் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் மலர்க்கொடிக்குக் குறையாக இருந்தது.

வெங்கடேசனின் முதல் முறையன்று பழக்கத்தில் வரப்புக்குப் போய்விட்டாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அவன் ஏற்கெனவே வந்து மடையைத் திருப்பிவிட்டுப் போயிருந்தான். வெயில் எல்லாருக்கும்தான் வருகிறது, அதை ஒருத்தி போய்ச் சொல்ல வேண்டுமா என்ன? அன்றைக்கு முழுவதும் எந்த வேலையைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். நாள் போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சரியாகவில்லை. பல்பு எரிந்ததோ என்று அடிக்கடி எதிரே பார்ப்பாள். அங்கே வெறும் ஹோல்டர்தான் தொங்கும்.

ஆடியில் ஒரு நாள் விடியும்போதே வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வெங்கடேசன் முறை. குழாயில் தண்ணீர் சின்னப் பையன் ஒன்றுக்குப் போகிற மாதிரி வடிந்தது. பொழுது சாய்கிற வரை மண்வெட்டியோடு நின்று பார்த்துவிட்டு அவன் போனான். கதிர் தள்ளுகிற நேரத்தில் அவன் மேல்கழனி காய்ந்து கிடந்தது.

மறுநாள் வெயில் பளீரென்று அடித்தது. குழாய் நிறையத் தண்ணீர். இன்றைக்கு அவள் முறை. அவன் வரவில்லை, வரவும் மாட்டான், ரோஷக்காரன். மலர்க்கொடி வாய்க்காலில் இறங்கினாள். நேற்றைய நாள் கணக்கில் எப்படிச் சேரும்? தன் பக்கத்து மடையை மண் போட்டு அடைத்தாள். அவன் பக்கத்து மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் திரும்பித் தெற்கே போனது. மேட்டில் ஏறி நின்றாள்.

“வெயிலு வந்துட்ச்சி!”

பக்கத்துக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்னா மலரு, சூரியன் வந்தத ஊருக்குத் தண்டோரா போடுறியா? எங்களுக்குக் கண்ணு இல்லியா?”

மலர்க்கொடி அவள் பக்கம் திரும்பவில்லை. தெற்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஆங்” வரவில்லை. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெங்கடேசன் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தான். தண்ணீரைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கழனியில் இறங்கி, குனிந்து, வேலையைத் தொடங்கிவிட்டான். அதற்குமேல் என்ன எதிர்பார்த்தோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேட்டிலிருந்து இறங்கினாள்.

அப்போது பின்னால் குரல் வந்தது. எருமைக்கு இல்லை, வேப்பமரத்துக்கு இல்லை.

“யக்கா! மோடம் வருது பாரு! தண்ணி கொறஞ்சிடும்!”

மலர்க்கொடி திரும்பினாள்.  அவள் வாயில் வந்தது அவனுடைய பழைய சொல்தான்.

“ஆங்!”

பேனலில் வெளிச்சம் மங்கியது. மோட்டாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. மேகத்தின் நிழல் அவனுடைய கழனியை மூடி, வரப்பைத் தாண்டி, பச்சைக் கதிர்களின் மேல் மெள்ள நடந்து அவளை நோக்கி வந்தது. தண்ணீர் குறைவது தெரிந்தும், அவன் சொல்லி அனுப்பிய நிழல் அவசரப்படாமல் வரட்டும் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள்.